காப்புச் சேவல்

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்."

"கேளேன்."

"இல்ல... இனி எப்ப வருவீக?"

"இதுக்கா இம்புட்டு முழிப்பு? பொங்கலுக்கு வர்றேன். நீ சேவலைப் பாத்துக்க."

போன தீபாவளி முடிந்து, மலைக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்த ஜீப்பின் ஓரமாக நின்று பேசிய பேச்சு அது. சுருளியம்மாள் கேட்க நினைத்தது வேறு. ஆனால் அவள் புருசன் காசிமாயன் கேள்வியும் அவனே, பதிலும் அவனே என்கிற சாதி. எதிராளி வாயைத் திறப்பதற்குள் அவர் என்ன சொல்ல வருகிறார் என்று தானே முடிவு கட்டி, அதற்குப் பதிலும் சொல்லிவிடுவான். ஜீப்பு புகையைக் கக்கிக்கொண்டு போய்விட்டது. கேட்க வந்தது தொண்டைக்குள் இறங்கிவிட்டது. கல்யாணமான நாள் முதல் இப்படித்தான் நடக்கிறது. அவன் மலையிலிருந்து இறங்கும்போது கேட்டுவிட வேண்டும் என்று நினைப்பாள், ஏறிப்போகும்போது விழுங்கிவிடுவாள்.

அந்தப் பேச்சு இன்று விடியலில், சிலமலையிலிருந்து போடிக்குப் போகும் மாட்டு வண்டியில் அவளுக்கு நினைவு வந்தது. மடியில் கூடை. கூடைக்குள் சேவல். எதிரே அவள் நாத்தனார் மருதாயி, வெற்றிலையை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டிக்கு முன்னால் காசிமாயன் வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக விறுவிறுவென்று நடந்தான். வண்டியில் ஏறி உட்காரக்கூட அவனுக்குப் பொறுமை இல்லை.

மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் அவன் கங்காணி. மற்ற கங்காணிமார் பெண்டாட்டி பிள்ளைகளோடு அங்கேயே குடியிருந்தார்கள். இவனுக்கும் தோட்டத்தில் தனி வீடு கொடுத்திருந்தார்கள். ஓட்டு வீடு, பின்வாசலில் ஓடை, கையை நீட்டினால் மேகம் என்று அவனே சொல்லுவான். சாப்பிடும்போது இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றப் போனால், "மதி, மதி" என்று கையை மறிப்பான். போதும் என்பதற்கு அங்கே மலையாளத்தில் அப்படித்தான் சொல்வார்களாம். தனக்குத் தெரியாத ஓர் ஊரில், தனக்குத் தெரியாத பேச்சில், தன் புருசன் பாதிக்கு மேல் வாழ்ந்துகொண்டிருக்கிறான் என்பது அந்த ஒரு வார்த்தையில் சுருளியம்மாளுக்குச் சுரீரென்று உறைக்கும்.

அவளை அவன் கூட்டிப்போகாததற்குக் காரணம் வெறுப்பு இல்லை, சேவல். அவன் அப்பா காலத்தில் அந்த வீட்டுச் சேவல் என்றால் தேவாரம் ஊர் வரைக்கும் பேர். ஒரு கோடையில் கழிச்சல் நோய் வந்து அத்தனையும் போயிற்று. அப்பாவும் அந்த ஏக்கத்தோடே போய்ச் சேர்ந்தார். காசிமாயன் திண்டுக்கல் பக்கம் ஒரு சிநேகிதனைப் பிடித்து, நல்ல கால்வழியில் வந்த முட்டைகளைத் தவிட்டில் புதைத்துத் தூக்கிக்கொண்டு வந்தான். அவள் கையில் கொடுத்து அடை வைக்கச் சொல்லிவிட்டு மலை ஏறினான். அதில் தேறிய ஒரே சேவல் இது. கீரிப்பிள்ளை நிறம். அதனால் பேரும் கீரி. மலைக் குளிர் பட்டால் சேவலுக்கு நெஞ்சில் சளி கட்டும். கீழேதான் வளர வேண்டும். வளர்க்க ஆள் வேண்டும். அந்த ஆள் பெண்டாட்டி. கணக்கு அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது.

இன்று அந்தச் சேவலுக்குப் பரீட்சை.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்துக்கு ஒருதரம் சேவல்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து பார்ப்பார்கள்; சண்டைக்கு இல்லை. பார்வைக்கும் அழகாக இருந்து, குஞ்சு எடுக்கவும் தகுதியான சேவல் எது என்று தெரிந்தவர் ஒருவர் சொல்வார். அதன் காலில் செம்புக் காப்பு மாட்டுவார்கள். அடுத்த வருஷம் வரை சுற்றுப்பட்ட ஊர்க் கோழிகள் எல்லாம் அந்தக் காப்புச் சேவல் வீட்டுக்கு வரும். எந்த நேரம் வந்தாலும், யார் கொண்டுவந்தாலும், திருப்பி அனுப்பக் கூடாது. அதனால் அந்த வருஷம் முழுக்க வீட்டுக்காரி ஓர் இரவுகூட வெளியூரில் தங்கக் கூடாது என்பதும் அந்த வழக்கத்தோடு ஒட்டிக்கொண்டது.

அதாவது, கீரி ஜெயித்தால் சுருளியம்மாள் இன்னொரு வருஷம் சிலமலையிலேயே. தோற்றால், காசிமாயன் முகத்தை அவளால் பார்க்க முடியாது.

இதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. கீரியின் வலது கால் நடுவிரலில் ஒரு சங்கதி இருந்தது. அதை அறிந்தவள் அவள்தான். இல்லை, மருதாயியும் அறிவாள்.

"வாயைத் தொறக்காத," என்றாள் மருதாயி, வண்டிச் சத்தத்துக்குள் குரலை மறைத்து. "என் தம்பி ராத்திரி பூரா உறங்கல. அப்பன் மானம் திரும்புற நாளுன்னு திண்டாடிக்கிட்டுக் கெடந்தான். கேட்டியா?"

"கேட்டேன் மதினி."

"கேட்டா மட்டும் போதாது. மனசுல முடிஞ்சு வச்சுக்க."

கீரி முட்டையை உடைத்துக்கொண்டு வந்தபோதே அந்த விரல் கோணலாகத்தான் வந்தது. கோணல் விரலோடு பிறக்கும் குஞ்சைச் சேவல்காரர் யாரும் வளர்க்க மாட்டார்கள், அது குழம்புக்கு. ஆனால் முட்டைகளைத் தவிட்டில் புதைத்துத் தூக்கி வந்த அன்றைக்கு இருந்த அவன் முகம் அவள் கண் முன்னால் நின்றது. விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை ஒடித்து, விரலுக்கு அடியில் கொடுத்து, கிழிந்த சேலைக் கரையால் சுற்றிக் கட்டினாள். குஞ்சு நொண்டிக்கொண்டே இரை தின்றது. கட்டை அவிழ்த்தபோது விரல் நேராகியிருந்தது. கணுவில் மட்டும் பயறு அளவுக்கு ஒரு முண்டு. அடுத்த முறை வந்த காசிமாயன் அதைத் தடவிப் பார்த்து, "என்ன, வேலிப் படல்ல கால் மாட்டிக்கிருச்சா? படலைச் சரியாக் கட்டுன்னு சொன்னேன்ல," என்று கேட்டு, பதிலும் சொல்லி, படலையும் தானே இறுக்கிக் கட்டிவிட்டுப் போனான். அவள் இல்லை என்று சொல்லவில்லை. சொல்ல இடம் கிடைக்கவில்லை என்பதும் உண்மை; சொல்ல வேண்டாம் என்று இருந்ததும் உண்மை.

இப்போது கீரிக்குப் பிறந்த குஞ்சுகள் வீட்டில் இருந்தன. அதில் இரண்டுக்கு அதே கால், அதே விரல், அதே கோணல். அடுப்படியில் கோழி மூடும் பஞ்சாரத்துக்கு அடியில் ஈர்க்கு கட்டிய காலோடு கிடந்தன. நேற்று மாலை வந்த காசிமாயன் சேவலைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

நேற்றுத்தான் பேச்சியும் வந்திருந்தாள். புருசன் இல்லாதவள், குஞ்சு விற்றுப் பிழைப்பவள். "காப்பு விழுந்ததும் மொதக் கோழி என்னோடதுதான் சுருளி. சொல்லிட்டேன்," என்று சிரித்துவிட்டுப் போனாள்.

போடியில் சந்தைத் திடலில் அந்த வருஷம் வட்டார அபிவிருத்தி விழாவுக்காகப் பந்தல் கட்டியிருந்தார்கள். முன்னால் உரம், கலப்பை, பம்பு செட்டு. ஒரு பந்தலில் கம்பி வலைக்குள் அரசாங்கம் வளர்க்கும் வெள்ளை நிறச் சீமைக் கோழிகள். பின்னால் புளியமரங்களுக்கு அடியில், கயிறு கட்டிய வட்டத்தில், சேவல் பார்க்கும் இடம். கூட்டம் அங்கேதான் இருந்தது.

"வெள்ளைக்காரன் போயிட்டான், அவன் கோழி மட்டும் போகமாட்டேங்குதே," என்று கம்பி வலையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார் தேவாரம் கண்ணுச்சாமி. அவர் கக்கத்தில் கன்னங்கரேலென்று ஒரு காகச் சேவல். காசிமாயனைக் கண்டதும் நின்றார். "வா மாப்ளே. மலையில ஏலக்கா எண்ணுறவனுக்குச் சேவல் எதுக்குங்கிறேன்?"

"எண்ணத் தெரிஞ்சவன் எதையும் எண்ணலாம் மாமா. உங்க சேவல் வால் இறகைக் கொஞ்சம் எண்ணட்டுமா? ரெண்டு கொறையுது."

"அது நேத்து உன் சேவலைப் பத்திப் பேசுனாக. பயத்துல உதுத்துருச்சு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். காசிமாயனும் சிரித்தான். ஆனால் அவன் விரல்கள் துண்டின் முனையைத் திருகிக்கொண்டிருந்ததை, பெண்கள் நிற்கும் பக்கத்திலிருந்து சுருளியம்மாள் பார்த்தாள்.

சேவல் பார்ப்பவர் ஜேசுதாஸ். போடியில் ஏலக்காய் மண்டி வைத்திருப்பவர். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிடி காயை உள்ளங்கையில் உருட்டி, எந்த மலைக் காய் என்று சொல்லிவிடுவார் என்று பேர். சேவலிலும் அப்படித்தான். யாருக்கும் சலுகை கிடையாது. சொந்த மச்சினன் சேவலை ஒரு வருஷம் வட்டத்துக்குள்ளேயே விடாமல் அனுப்பியவர்.

ஒவ்வொன்றாக வந்தது. நெஞ்செலும்பு வளைந்தது, இறக்கையில் சந்து விழுந்தது, கண் மங்கியது என்று ஒவ்வொன்றாக வெளியே போனது. கண்ணுச்சாமியின் காகம் நின்றது. "நல்ல சேவல். ஒரு ஓரமா நிறுத்துங்க," என்றார் ஜேசுதாஸ்.

"சிலமலை காசிமாயன்."

கீரியைச் சாக்கு விரிப்பில் இறக்கிவிட்டு, காசிமாயன் பின்னால் நகர்ந்தான். ஜேசுதாஸ் முதலில் தொடுவதில்லை. தூரத்திலிருந்து நிற்பைப் பார்ப்பார். ஆள் கூட்டத்தையும் சத்தத்தையும் கண்டு பதுங்குகிறதா, வெறிக்கிறதா, அல்லது தன் இடம் என்று நிற்கிறதா என்பதுதான் முதல் பார்வை.

கீரி ஒருமுறை கழுத்தை நீட்டி நாலு பக்கமும் பார்த்தது. ஒரு காலைத் தூக்கி, யோசித்து, வைத்தது. பிறகு நெஞ்சை நிமிர்த்தி நின்றது. வால் விசிறியாய் விரிந்து தரையைத் தொட்டும் தொடாமலும் படிந்தது. காலை வெயிலில் கழுத்து இறகு செம்பு உருக்கி ஊற்றினாற்போல் மின்னியது.

கூட்டம் கயிறு வரை நெருங்கி வந்தது. சுருளியம்மாளுக்குப் பெருமையாக இருந்தது. நான் வளர்த்தது என்று நினைத்தாள். மறு நொடியே, இது இப்படி நிற்காமல் இருந்தால் என்ன என்றும் நினைத்தாள். நினைத்ததும் தன்னைத்தானே வைதுகொண்டாள்.

ஜேசுதாஸ் அருகே போய் உட்கார்ந்தார். தலையை இரண்டு விரலால் பிடித்தார். "மூக்கு கிளிமூக்கு. நல்லா வளைஞ்சிருக்கு. கண்ணு வெள்ளை, முத்து மாதிரி. தாடி அளவு." கழுத்தைத் தடவினார். இறக்கையை விரித்துச் சூரியனுக்கு எதிரே பிடித்தார். வெளிச்சம் எங்கும் ஒழுகவில்லை. இறகுக்கு அடியில் செள்ளுப் பூச்சி இருக்கிறதா என்று ஊதிப் பார்த்தார். நெஞ்செலும்பில் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தார். கோடு நேராகப் போயிற்று.

"அழகுக்கு இதுக்கு மேல நான் தேட மாட்டேன்," என்றார். "ஆனா காப்பு அழகுக்கு மட்டும் இல்ல. கோழியை விடுங்க."

யாரோ ஓர் இளம் வெடைக்கோழியை வட்டத்துக்குள் விட்டார்கள். ஜேசுதாஸ் மடியிலிருந்து ஒரு பிடி கம்புத் தானியத்தை எடுத்துச் சேவலின் முன்னால் இறைத்தார். சோதனை இதுதான். இரையைக் கண்டதும் தானே விழுந்து தின்கிற சேவல் குஞ்சு எடுக்க ஆகாது என்பது அவர்கள் கணக்கு. விடியலிலிருந்து கீரிக்கு இரை வைக்கவில்லை.

கீரி குனிந்தது. ஒரு மணியை அலகில் எடுத்தது. அதைக் கீழே போட்டது. எடுத்தது, போட்டது. "கொக்கொக்கொக்" என்று அடித்தொண்டையில் கூப்பிட்டது. கோழி சந்தேகத்தோடு வந்து, கொத்த ஆரம்பித்தது. கீரி தான் தின்னாமல் பக்கத்தில் காவல் நின்றது.

"பாருங்கடி," என்றாள் மருதாயி, பெண்கள் பக்கம் முழுதுக்கும் கேட்க. "இந்தப் புத்தி நம்ம வீட்டு ஆம்பளைகளுக்கு இருந்தா நமக்கு எதுக்கு இந்த உடம்பு இப்படித் தேயுது?"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஜேசுதாஸும் புன்னகைத்தார். காசிமாயன் முகத்தில் முதல் தடவையாக ரத்தம் ஏறியது. அவன் திரும்பி, கூட்டத்துக்குள் சுருளியம்மாளைத் தேடி, கண்டுபிடித்துப் பார்த்தான். அப்படி அவன் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஐயோ, இந்தப் பார்வையோடு எல்லாம் முடிந்துவிடக் கூடாதா என்று இருந்தது அவளுக்கு.

"கடைசியாக் கால்," என்றார் ஜேசுதாஸ்.

சேவலை மடியில் மல்லாத்திப் போட்டுக்கொண்டார். கண்ணை மூடினார். இடது கால் செதில்களை மேலிருந்து கீழே வருடினார். பிறகு வலது கால். ஒவ்வொரு விரலாக. நடுவிரலுக்கு வந்ததும் கை நின்றது.

அந்தப் பக்கம் போன கட்டைவிரல் திரும்பி வந்தது. மறுபடியும் போயிற்று.

ஜேசுதாஸ் கண்ணைத் திறந்தார். "இங்க ஒரு முண்டு இருக்கே."

"அது படல்ல மாட்டிக்கிட்டது முதலாளி," என்றான் காசிமாயன் உடனே. "குஞ்சுல."

"அடிபட்டதுன்னா எனக்கு ஒண்ணும் இல்ல. அடி அதோட போகும். பொரிப்பிலேயே கோணல்னா, அது குஞ்சுக்கும் போகும், குஞ்சோட குஞ்சுக்கும் போகும். மாட்டுனதை நீங்க பாத்தீங்களா?"

"நான் மலையில இருந்தேன்."

"அப்ப உங்களுக்கு எப்படித் தெரியும்?"

காசிமாயன் வாயைத் திறந்தான். எதற்கும் கைவசம் பதில் வைத்திருக்கும் மனிதன், யார் சொல்லி அது தனக்குத் தெரியும் என்று தேடிப் பார்த்தான். யாரும் சொல்லவில்லை. அவன்தான் சொன்னான்.

"அட, விரல் முண்டுக்கு என்ன முதலாளி?" என்றார் கண்ணுச்சாமி, கரிசனமாக. "கங்காணி வீட்டுச் சேவல். மேஸ்திரி வேலை பாத்துப் பாத்துக் கையெல்லாம் காய்ச்சுப் போச்சு."

இந்த முறை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

"வளத்தது யாரு?" என்று கேட்டார் ஜேசுதாஸ்.

"என் வீட்ல."

"வந்திருக்காங்களா? அவங்க ஒரு சொல் சொன்னா நான் எடுத்துக்கிறேன். வளத்தவங்க சொல்லுக்கு மேல நான் போக மாட்டேன்."

மருதாயியின் கை சுருளியம்மாளின் முழங்கையைப் பிடித்து அழுத்தியது. "படல்னு சொல்லு. ஒத்த வார்த்தை. சொல்லிட்டு வந்துரு."

சுருளியம்மாள் கயிற்றுக்கு அடியில் குனிந்து வட்டத்துக்குள் போனாள். பெண்கள் அந்த வட்டத்துக்குள் போவது வழக்கம் இல்லை. கால் சாக்கில் பட்டதும் கீரி அவள் வாசம் கண்டு ஜேசுதாஸின் மடியிலிருந்து தலையைத் திருப்பியது. எல்லாக் கண்களும் தன்மேல் என்பதைவிட, ஒரே ஒரு கண் தன்மேல் இருப்பதுதான் அவளுக்குச் சுட்டது. காசிமாயன் மெல்லத் தலையை ஆட்டினான். சொல்லு, தெரிஞ்சதுதானே, என்பதுபோல்.

படல் என்று சொன்னால் தீர்ந்தது. அவன் அப்பன் பேர் திரும்பி வரும். அவன் சாயங்காலம் சிரித்துக்கொண்டு மலை ஏறுவான். அவள் இன்னும் ஒரு வருஷம் அந்த வாசலைக் காப்பாள். அதைக்கூட அவள் காத்துவிடுவாள், இதுவரை காக்கவில்லையா. ஆனால் முதல் கோழி பேச்சியுடையது. பேச்சி வீட்டில் பொரிப்பதும் கோணல் விரலோடு பொரிக்கும். சந்தையில் அந்தக் குஞ்சை யார் வாங்குவார்கள்? அதற்குப் பிறகு எத்தனை வீடு.

பொரிப்பிலேயே கோணல் என்றால்? அவன் தோற்பான். அவள் மலைக்குப் போக வழி பிறக்கும். அங்கேதான் சிக்கல். உண்மையைச் சொல்வதா, தன் ஆசையைச் சொல்வதா? இரண்டுக்கும் ஒரே வார்த்தையாகப் போய்விட்டதே. நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? புருசன் தோற்கட்டும் என்று காட்டிக்கொடுத்தவள் என்று சொல்லும். அவனே அப்படி நினைத்தால்?

"சொல்லும்மா," என்றார் ஜேசுதாஸ் மெதுவாக. "பொரிப்பிலா, அடியிலா?"

"பொரிப்புலயே," என்றாள்.

குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "பொரிப்புலயே கோணல். நான்தான் ஈர்க்கு வச்சுக் கட்டி நேராக்கினேன். இப்பப் பொரிச்ச குஞ்சுலயும் ரெண்டுக்கு இருக்கு. அவுகளுக்குத் தெரியாது. அவுக மலையில இருந்தாக."

ஜேசுதாஸ் கீரியைத் தூக்கி நிறுத்தி, அதன் முதுகு இறகை ஒருதரம் நீவிவிட்டு, அவள் கையில் கொடுத்தார். "வளத்த கை நல்ல கை," என்றார். "சேவல் பாக்க நல்ல சேவல். காப்புக்கு இல்ல." எழுந்து, காகத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

கண்ணுச்சாமி தன் சேவலின் காலில் காப்பு ஏறுவதைப் பார்த்துக்கொண்டே, "என்ன மாப்ளே, வீட்ல ஒரு சேவல்தான் இருக்குன்னு நெனச்சேன், கூவுறது ரெண்டு போலருக்கே," என்றார்.

காசிமாயன் கூடையை எடுத்தான். கீரியை அவள் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்து மூடினான். அவள் விரல் மேல் தன் விரல் படாமல் வாங்கினான். கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு நடந்தான்.

"நாசமாப் போச்சு," என்றாள் மருதாயி வண்டியடியில். வெற்றிலையைத் துப்பிவிட்டு, "உனக்கு நாக்கு இருக்குன்னு காட்ட வேற நாள் கெடைக்கலியாடி? ஏறு. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கிருவோம்."

"அவுக எங்க மதினி?"

"எங்க போவான்? ஜீப்பு நிக்கிற எடத்துக்குத்தான். வீட்டுக்கு வர எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வருவான்? அப்படியே மலைக்குப் போறேன்னு போயிட்டான். சேவலை அங்க வந்து வாங்கிக்கணுமாம். நீ போகாத, வண்டிக்காரனை அனுப்புவோம்."

சுருளியம்மாள் வண்டியில் ஏறவில்லை. "நானே போறேன் மதினி," என்றாள்.

"வெயிலு."

"இருக்கட்டும்."

கடைவீதி வழியாக நடந்தாள். ஏலக்காய் மண்டிகளில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். தெருவெல்லாம் ஏலக்காய் மணம். மலையிலிருந்து இறங்கிய காய். தினம் இறங்கி வருகிறது; அவள்தான் ஒருமுறைகூட ஏறிப்போனதில்லை. நடக்க நடக்க அவளுக்குப் பயம் குறையவில்லை. ஆனால் பயத்தோடு நடக்க முடியும் என்று தெரிந்தது.

ஜீப்பில் அரிசி மூட்டைகளும் மண்ணெண்ணெய் டின்களும் ஏறிக்கொண்டிருந்தன. காசிமாயன் முன்பக்கம் சாய்ந்து நின்றான். காலடியில் கூடை. அவளைப் பார்த்ததும் கூடையை எடுத்து நீட்டினான்.

"இந்தா, கொண்டு போ. கொழம்பு வைக்கிறதுன்னா வை. வளக்கிறதுன்னா வளத்துக்க. எனக்கு ஒண்ணும் இல்ல."

அவள் கையை நீட்டவில்லை.

"சேலை மடிப்புல கல்லு கட்டிக்கிட்டு வந்த மாதிரி நிக்கிற. வாங்கு. ஜீப்பு போயிரும்."

"போகட்டும்."

அவன் கூடையை ஜீப்பின் முகப்பில் வைத்தான். உள்ளேயிருந்து கீரி ஒருமுறை இறக்கையடித்தது.

"வீட்லயே என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல? நேத்து வந்தேன்ல?"

"நீங்க கேக்கல."

"நான் கேக்கலையா?"

"படலான்னு கேட்டீக. ஆமான்னு நீங்களே சொன்னீக. அது கேக்குறது இல்ல."

அவன் முகம் சுருங்கியது. எங்கேயோ பார்த்தான். ஓட்டுநர் மூட்டையைக் கட்டும் கயிற்றை இழுத்துக்கொண்டு, "கங்காணியாரே, வெரசா ஏறுங்க. மேகம் எறங்குது. கொண்டை ஊசி வளைவுல மாட்டிக்கிருவோம்," என்றான்.

காசிமாயன் ஒரு காலை ஜீப்பின் படியில் வைத்தான். வைத்த கால் அங்கேயே நின்றது. திரும்பாமல் கேட்டான்.

"ஒண்ணு சொல்லு. நான் தோக்கணும்னு நெனச்சியா?"

இதற்கு இல்லை என்று சொல்வது எளிது. அவனும் அதைத்தான் எதிர்பார்த்தான் என்பது அவன் முதுகிலேயே தெரிந்தது.

"நெனச்சேன்," என்றாள்.

அவன் திரும்பினான்.

"ஆனா விரலைச் சொன்னது அதுக்கு இல்ல. பேச்சி கோழியைக் கொண்டாந்து விடுவா. அவ குஞ்சும் நொண்டும். அதைப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாது. அதுக்காகச் சொன்னேன். நீங்க ஜெயிக்கக் கூடாதுன்னு நெனச்சது வேற. அது ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டு இருக்கிறது. ரெண்டையும் ஒண்ணாச் சேத்துராதீக."

"ரொம்ப நாளாவா? என்ன, உனக்குச் சேவல் வளக்கப் பிடிக்கல. அவ்வளவுதானே? அதுக்கு..."

நடுவில் நின்றான். தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவனுக்கே எட்டியது போலிருந்தது. பதிலைப் பாதியில் விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டான். வாயை மூடிக்கொண்டு நிற்பது அந்த மனிதனுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவளுக்குத் தெரியும். துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான். மறுபடி தோளில் போட்டான்.

ஓட்டுநர் ஹாரன் அடித்தான்.

"நில்லுய்யா," என்றான் காசிமாயன். படியிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைத்தான். "எதுக்கு நெனச்சே? நீயே சொல்லு."

அவள் கண்ணை மலைப்பக்கம் திருப்பினாள். மேகம் பாதிச் சரிவு வரைக்கும் இறங்கியிருந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. ஓட்டு வீடு அதற்குள் எங்கேயோ இருந்தது.

"அந்த வீட்ல நான் இருக்கணும்," என்றாள். "பாத்துட்டுத் திரும்பி வர இல்ல. குடியிருக்க. என்னையும் மலைக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க."